தோள் மாற்ற ஆளில்லை

தோணாவின் தண்ணீர் மேற்கே ஓடிக்கொண்டிருந்தது.

ஜவுபர் இரண்டு தரம் பார்த்தான். முதல் தரம் கண்ணைச் சந்தேகித்தான், இரண்டாம் தரம் திசையை. கடல் கிழக்கே இருந்தது. நேற்றும் அங்கேதான் இருந்தது. மாரியில் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால், வட்டை வயல்களில் தேங்கிய வெள்ளமெல்லாம் இந்தத் தோணா வழியாக ஊருக்கு நடுவே புகுந்து போய்க் கடலில் விழும். விழ வேண்டும். ஆனால் அவன் கண்ணெதிரே ஒரு தேங்காய் மட்டையும், ஒரு வாழைத்தண்டும், யாரோ ஒருவரின் நீல ரப்பர் செருப்பும் ஒன்றன்பின் ஒன்றாக, எந்த அவசரமும் இல்லாமல், கடலை விட்டு வயலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

‘கடல் ஏறுது போல,’ என்று சொல்லிக்கொண்டான். தையல்காரன் ஒருவனுக்கு நீரோட்டத்தைப் பற்றி இதற்கு மேல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அளவு பிழைத்த சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம் ‘துணி சுருங்கிட்டு’ என்று சொல்லியே கல்முனைப் பசாரில் காலம் தள்ளியவனுக்கு எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும்.

சூறாவளி வந்துபோனதற்கு மறு வருடத்து மாரி அது. காலையிலிருந்து பசாரில் கரண்ட் இல்லை. பெருந்தெருவில் மதகடியில் இடுப்பளவு வெள்ளம் என்று பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். பின்னேர அஸர் தொழுதுவிட்டு வந்த ஜவுபர், சைக்கிளைக் கடைக்குள்ளேயே விட்டுப் பூட்டிவிட்டு, சாய்ந்தமருதிலுள்ள வீட்டுக்குத் தோணாக்கரையால் நடக்கத் தொடங்கினான். அந்த ஒற்றையடிப் பாதை மேட்டில் போகிறது, வெள்ளம் ஏறாது. பகலில் ஆட்கள் போய்வருகிற வழிதான். இப்போதும் பகல்தான், வானத்துக்குத்தான் அது தெரியவில்லை.

தோணாவின் இரண்டு கரையிலும் ஊர் இருந்தது. ஆனால் ஒரு வீடாவது தோணாவைப் பார்த்துக் கட்டப்பட்டிருக்கவில்லை. எல்லா வீடுகளும் முகத்தைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, குசினியையும் கிணற்றடியையும் பொத்தல் விழுந்த கிடுகுவேலியையும் தண்ணீருக்கு ஒதுக்கியிருந்தன. வேலிகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கண்டலும் தில்லையும் தாழையும் ஒன்றின் கைக்குள் ஒன்று கையை விட்டபடி நெருங்கி நின்று, பாதையை ஒரு நீண்ட ஈரக் குகையாக ஆக்கியிருந்தன. இலையிலிருந்து இலைக்குச் சொட்டிச் சொட்டி, கடைசியில் அவனுடைய குடைக்கு வந்து சேர்ந்த மழை, நல்ல மழையைவிடப் பழையதாக, பச்சையாக, ஊறிய தென்னோலையின் மணத்தோடு விழுந்தது. மரங்களுக்கு மேலே, சூறாவளி தலையைத் திருகிக்கொண்டு போன தென்னைகள் வெறும் கம்பங்களாக வரிசையாய் நின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஜவுபருக்குத் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றும். தொட்டுப் பார்த்தான். இருந்தது.

கையிலிருந்த, புல்லால் பின்னிய பன்பையில் மகள் நபீலாவுக்குத் தைத்த மஞ்சள் சட்டை இருந்தது. கல்யாண வீட்டுத் துணியில் மிஞ்சிய துண்டு. “நாளைக்கு, நாளைக்கு” என்று அவன் இழுத்தடித்ததில் பிள்ளை, “வாப்பா ஊர்ப் புள்ளையளுக்குத்தான் தைப்பாரு” என்று மூன்று நாளாக அவனோடு கதைப்பதையே விட்டிருந்தாள். ஏழு வயதுக்காரி ஒருத்தி கதைக்காமல் இருப்பது ஒரு வீட்டை எவ்வளவு பெரிதாக்கிவிடும் என்று அவன் அப்போதுதான் கண்டான். இன்றைக்குக் கரண்ட் இல்லாததும் நல்லதற்குத்தான். யாரும் வராத கடையில் குந்தி, காலால் மிதிக்கிற பழைய மிஷினில், கழுத்துக்குக் கொசுவம் வைத்து, தான் தைத்தவற்றிலேயே கோணல் இல்லாத ஒன்றைத் தைத்து முடித்திருந்தான். பொழுது பட்டு மஃரிபாகுமுன் போய்ச் சேர்ந்தால் அவள் தூங்கியிருக்கமாட்டாள். போட்டுப் பார்ப்பாள்.

அந்த நினைப்பில் அவன் நடையைக் கூட்டியபோதுதான் கற்பூர மணம் வந்தது.

முதலில் அது ஏதோ ஒரு வேலிக்குள்ளிருந்து வருவதாக நினைத்தான். அடுத்த வேலியிலும் இருந்தது. அதற்கடுத்த வேலியிலும். ஈரச் சேற்றின் மணத்துக்கும், மீன் பொரிக்கிற மணத்துக்கும், தாழம்பூ மணத்துக்கும் அடியில், தரையோடு தரையாக, அவனுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. தவளைகள் எப்போது நின்றன என்று அவனுக்குத் தெரியவில்லை. நின்றிருந்தன.

பிறகு காலடிகள். சேற்றில் சேர்ந்து விழுகிற பல கால்கள்.

அவன் திரும்பிப் பார்த்தான். ஒரு சந்தூக்கு வந்துகொண்டிருந்தது.

இறந்தவரின் மையத்தை வைத்துச் சுமக்கிற அந்தப் பெட்டியைக் கண்டால் ஜவுபர் பயந்து அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவான். இது ஊருக்கே தெரிந்த இரகசியம். சந்தூக்கு தெருவால் போனால் எதிர்ப்பட்டவர் நாலு எட்டாவது தோள் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். பின்னால் வருபவர் சுமப்பவரின் தோளைத் தொடுவார். இவர் நழுவ அவர் நுழைவார். அப்படி மாறி மாறி, மையவாடி போய்ச் சேருமுன் ஒரு மையத்தை ஊரே சுமந்துவிடும். ஜவுபர் மட்டும் சுமந்ததில்லை. அவனுடைய மனைவி சுஹறாவின் தம்பி முனாப் இதற்கு நேர்மாறு. முன்பின் தெரியாத மையத்தைக்கூட அவன் சும்மா போகவிடமாட்டான். இன்று காலையிலும் பிட்டைக் குழைத்துக்கொண்டே அவன் இதைத்தான் கிளறினான்.

“மச்சான், நேத்து ஜனாஸாவுக்கு வந்தீங்களா?”

“வந்தனே. பின்னுக்கு வந்தன்.”

“எவ்வளவு பின்னுக்கு?”

“தேத்தண்ணிக் கடையில குந்தினா சந்தூக்கு மட்டுமட்டாத் தெரியுமே, அவ்வளவு பின்னுக்கு.”

குசினிக்குள்ளிருந்து சுஹறா, “ஊர்ல இவருக்கு வெச்ச பேரே அதுதானேடா, பின்னுக்கு வாற டெய்லர்,” என்றாள்.

“நாளைக்கு உங்களத் தூக்க ஆரும் வராட்டி என்ன செய்வீங்க?” என்றான் முனாப்.

“நான் மெலிஞ்ச மனிசன்டா. நீ ஒராளே போதும்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். அது காலை. வெயில்கூடக் கொஞ்சம் இருந்தது.

இப்போது சந்தூக்கு அவனுக்கு அருகில் வந்துவிட்டது. நாலு பேர் சுமந்தார்கள். பின்னால் ஒருவரும் இல்லை. ஜனாஸா என்றால் ஆளைக் காணுமுன் கலிமா காதில் விழும். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து சொல்லிக்கொண்டு வருவார்கள். இவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கால்கள் மட்டும் சொத்துச் சொத்தென்று விழுந்தன.

ஜவுபர் பாதையை விட்டு ஒதுங்கி, “அஸ்ஸலாமு அலைக்கும்,” என்றான்.

நாலு பேரும் நடந்துகொண்டே இருந்தார்கள். மழையில் கேட்டிருக்காது.

“ஆருட மையத்து?”

இடதுபக்கம் பின்னுக்கு நீண்டிருந்த கைமரத்தைத் தாங்கியிருந்த ஆள் அவனைப் பார்த்தான். நனைந்து களைத்த, சாதாரண முகம். எங்கேயோ கண்ட முகம் போலவும் இருந்தது. அப்படியல்ல, எங்கும் காணாத முகம் போலவும் இருந்தது. தோள் கொடு என்று அவன் கேட்கவில்லை. பார்த்தான். பாரம் சுமக்கிறவன் கடையில் குந்தியிருப்பவனைப் பார்க்கிற பார்வை.

ஒரு மையத்துக்கு நாலே பேரா? ஜவுபரின் நெஞ்சுக்குள் ஏதோ கசிந்தது. யாரோ ஏழை. வெள்ளத்தில் சொந்தக்காரர்கள் வந்து சேரவில்லை. இந்த மழையில், இந்தச் சேற்றில், கடைசிப் பயணத்துக்குத் துணையாக ஒரு குடைகூட இல்லை. தவிர, வீட்டுக்குப் போய், ‘டேய் முனாப், இண்டைக்கு நான் தோள் குடுத்தன்டா’ என்று சொன்னால் அவனுடைய மூஞ்சி எப்படிப் போகும்? அந்தப் பேராசையும் கொஞ்சம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

குடையை மடக்கி, பன்பையை அதன் வளைவில் மாட்டி, ஒரு தில்லைக் கிளையில் தொங்கவிட்டான். அந்த ஆளின் தோளைத் தொட்டான். துணிக்கு அடியில் தோள் மிகக் குளிர்ந்திருந்தது. அந்த ஆள் ஒரு பெருமூச்சோடு நழுவி வெளியே வந்தான். ஜவுபர் உள்ளே நுழைந்தான். கைமரம் அவனுடைய இடது தோளில், அளவெடுத்துச் செய்தது போல் வந்து உட்கார்ந்தது.

பாரமே இல்லை. இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்றிருந்தது.

தோள் விட்ட ஆள் கிளையிலிருந்த குடையை எடுத்து விரித்தான். பன்பையைக் கையில் கோத்துக்கொண்டு சந்தூக்குக்கு முன்னால் போனான். ‘சாமானைத் தூக்கிட்டு வாறாரு, மரியாதை தெரிஞ்ச மனிசன்,’ என்று ஜவுபர் நினைத்தான். அந்த மனிசன் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டினான். குடை தூரத்தில் சிறிதாகியது. ‘ஜனாஸாவில குடை களவெடுக்கிற ஒரு ஆளை இண்டைக்குத்தான் காணுறன்,’ என்று திருத்திக்கொண்டான். அந்த ஆள் பாதையின் வளைவில் திரும்புமுன் அவனுடைய நடையை ஒரு கணம் நன்றாகக் கண்டான். வலது காலைச் சற்றே இழுத்து இழுத்து வைத்தான். வருடக்கணக்காக மிஷின் மிதித்தவர்களுக்கு, ஜவுபருக்கும்தான், வருகிற இழுப்பு அது.

‘அவரும் டெய்லர் போல,’ என்று நினைத்தான். நினைத்த பிறகு, ஏனோ, நினைக்காமல் இருந்திருக்கலாம் போலிருந்தது.

வீட்டு வழியால்தானே போகிறார்கள். நல்லது. தென்னங்குற்றிப் பாலம் வந்ததும் யாரிடமாவது கொடுத்துவிட்டு அக்கரைக்குப் போனால் வீடு. அதுவரைதானே. அவன் மற்றவர்களின் கால்களோடு தன் கால்களைச் சேர்த்துக்கொண்டான். மழை தணிந்து தூறலாகி, தூறலும் தணிந்து, மரங்கள் மட்டும் பெய்துகொண்டிருந்தன. வேலிகளுக்கு அப்பால் ஊர் தன் பாட்டில் இருந்தது. ஒரு வீட்டில் உரல் இடித்தார்கள். ஒரு வீட்டில் பற்றரி ரேடியோ கரகரத்தது. ஒரு தாய், “ஈரத்துல ஆடாத மனே, காய்ச்சல் வரும்,” என்று சத்தம் போட்டாள். இத்தனைக்கும் பின்புறமாக, ஊரின் குசினிகளுக்கு ஊடாக, ஒரு மையத்துப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வேலிப் பொத்தலால் ஒரு பெண் கையை நீட்டி மீன் கழுவிய தண்ணீரை வீசி ஊற்றினாள். அது அவனுடைய முழங்கால்வரை நனைத்தது.

“என்ன மச்சி, மனிசர் போறது தெரியல்லையா?” என்றான் ஜவுபர்.

அவள் நிமிர்ந்தாள். அவனை ஊடுருவி, எதிர்க்கரைவரை பார்த்தாள். மையத்துக்குப் போடுகிற அந்தக் கற்பூர மணத்தை மூக்கால் இழுத்து, முகத்தைச் சுளித்து, வேலிப் பொத்தலில் ஒரு கிடுகைச் செருகி மூடினாள்.

அப்போதுதான் அவனுக்கு மையவாடி நினைவு வந்தது.

மையவாடி கடற்கரையில் இருக்கிறது. கிழக்கே. இவர்கள் தண்ணீரோடு சேர்ந்து மேற்கே போகிறார்கள். மேற்கே அவனுடைய வீடும் இன்னும் சில வீடுகளும்தான். அதற்கப்பால் தோணா வெள்ளத்தில் கரைந்துவிடும். வட்டை. சதுப்பு. நாணல். அங்கே அடக்குவதற்கு நிலமே இல்லை.

“காக்கா, எங்க அடக்கப் போறீங்க?” முன்னால் போனவனின் முதுகைக் கேட்டான். முதுகு மேற்கே நடந்தது.

பலகைகளின் இடுக்கிலிருந்து அவனுடைய கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. உதட்டோரம் வழிந்ததை நாக்கு தானாகத் தொட்டது. உப்பு.

பாரம் கூடியிருந்தது. எப்போது கூடியது என்று சொல்ல முடியாதபடி, பிள்ளை தோளில் தூங்கிப்போகும்போது கூடுமே, அப்படி. கைமரத்தைச் சரிசெய்ய வலது கையை உயர்த்தினான். சந்தூக்கைப் போர்த்தியிருந்த பச்சை உறையின் விளிம்பு விரல்களில் பட்டது. தையல்காரனின் விரல்கள்; கண்ணைவிட அவற்றுக்குத் துணி தெரியும். விளிம்பு மடிப்பு நேராக வந்து, மூலையில் கோணி, கோணலை மறைக்க ஒரு தையல் திரும்பிப் போய், மறுபடி கோணியிருந்தது.

அந்தக் கோணல் அவனுடையது.

சிறிய பள்ளிவாசலான தோணாக்கரைத் தைக்காவின் சந்தூக்குக்கு உறை தைத்துக் கொடுத்தவன் அவன்தான். ‘நான் தைச்சதுல, அளவு சரியில்லெண்டு ஆரும் திரும்பி வராத உருப்படி அது ஒண்டுதான்,’ என்று பசாரில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறான். சூறாவளி இரவில் தைக்காவின் கொட்டில் சரிந்து, சந்தூக்கும் உறையும் தோணாவில் போயின. யாரும் தேடவில்லை. தேட வேண்டிய மனிதர்களே நிறையப் பேர் இருந்தார்கள். மாமரப் பலகையில் புதிய சந்தூக்கு செய்தார்கள். நேற்று முனாப் சுமந்தது அதைத்தான்.

இது பழையது.

அவன் மெல்ல வலப்பக்கம் திரும்பினான். மற்றப் பின்கைமரத்தைத் தாங்கியவன் நேரே பார்த்துக்கொண்டு நடந்தான். அவனுடைய சட்டை தோளில் நைந்து போயிருந்தது. சட்டைக்கு அடியில் தோள் பள்ளமாகியிருந்தது. மரம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. மரத்துக்கும் தோளுக்கும் நடுவில், இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அதில் ஒரு சிறிய நத்தை ஊர்ந்தது.

நழுவுவதில் ஜவுபரை மிஞ்ச ஊரில் ஆளில்லை. தலையைத் தாழ்த்தினான், முழங்காலை மடித்தான், தோளை உள்ளே இழுத்தான். கைமரம் அவனோடு தாழ்ந்தது. அவனோடு நிமிர்ந்தது. பக்கவாட்டில் பாயப் பார்த்தான். கால்கள் மற்ற ஆறு கால்களோடு சேர்ந்தே விழுந்தன. சொத்து. சொத்து. அவனுடைய கால்களை அவன் நடத்தவில்லை.

கலிமாவை எடுத்துச் சொன்னான். குரல் வந்தது. சேர்ந்து சொல்ல யாரும் இல்லை. மறுபடி சொன்னான். குரல் கொஞ்சம் வந்தது. மூன்றாம் தரம் உதடு மட்டும் அசைந்தது, நெஞ்சுக்குள் சொன்னான். நெஞ்சுக்குள் அது இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

தோள் மாற்ற ஆள் வேண்டும். அவ்வளவுதான். யாராவது ஒருவர் வந்து தொட வேண்டும். யாராவது. இந்தப் பாதையில், ஒரு ஈமான்தாரி, ஒரே ஒருவர்—

மரங்கள் விலகின. தென்னங்குற்றிப் பாலம் தெரிந்தது. சூறாவளியில் விழுந்த தென்னை ஒன்றை முனாப்தான் தோணாவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டிருந்தான். அக்கரையில், ஒரு கல் எறிந்தால் விழுகிற தூரத்தில், ஜவுபரின் வீட்டுக் குசினி. ஜன்னலில் விளக்கு.

குசினி வாசலில் அவனுடைய குடை, விரித்தபடி, காய வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே ஒருவன் கதிரையில் இருந்தான். வாசலுக்கு முதுகு. சுஹறா துவாயால் அவனுடைய தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள், வழக்கமாக மழையில் நனைந்து வந்தால் திட்டிக்கொண்டே துவட்டுவாளே, அதேபோல. மழை விட்டிருந்த அமைதியில் தோணா ஒவ்வொரு சொல்லையும் கொண்டுவந்து கொடுத்தது.

“குடையைக் கையில வெச்சிட்டு இப்படியா நனையிற? தலை ஐஸாக் கிடக்கு.”

“குடை சுருங்கிட்டுகா,” என்றான் அவன்.

ஜவுபரின் குரல். சுஹறா சிரித்தாள். ஜவுபர் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் சிரித்திருப்பாள்.

மஞ்சள் சட்டை போட்ட நபீலா விளக்கு வெளிச்சத்துக்குள் ஓடிவந்து சுற்றினாள். சட்டை குடைபோல விரிந்தது. கழுத்துக் கொசுவம் நேராக விழுந்திருந்தது. மூன்று நாளாகக் கதைக்காத பிள்ளை, “வாப்பா! வாப்பா!” என்றாள்.

அவன் கத்தினான். தொண்டையிலிருந்து உப்புத் தண்ணீர்தான் வந்தது.

“முனாப்,” என்று கூப்பிட்டது அந்தக் குரல். “தோணாவுக்கு அங்கால ஒரு ஜனாஸா போகுதுடா. நாலே நாலு பேர். பாவம்.”

அரிக்கன் லாம்போடு முனாப் வெளியே வந்தான். “என்ன மச்சான், நீங்களா ஜனாஸாவப் பத்திக் கதைக்கிற? மஃரிபுக்குக் கிட்டவாகிட்டு. அடக்கிறதெண்டா கெதியா அடக்கணுமே. வாங்களன், ரெண்டு பேருமாப் போவம்.”

“நீ முன்னுக்குப் போ,” என்றது குரல். “நான் பின்னுக்கு வாறன்.”

முனாப் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே குற்றியில் கால் வைத்தான்.

வராதே.

லாம்பு வெளிச்சம் தண்ணீரில் ஆடி ஆடி வந்தது. சந்தூக்கு நிற்கவில்லை. அவனுக்காக நடையைக் கொஞ்சம் தளர்த்தியது போலிருந்தது. முனாப் இக்கரையில் குதித்து, சாரனை மடித்துக் கட்டி, சலாம் சொல்லிக்கொண்டு வந்தான். லாம்பைப் பாதையோரம் வைத்தான். ஜவுபரின் முகத்தைப் பார்த்தான். நேருக்கு நேர். நன்றாக.

“காக்கா, உடுங்க. நான் புடிக்கிறன்.”

காக்கா. முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுகிற மரியாதையோடு.

அவனுடைய கை ஜவுபரின் தோளில் பட்டது. பட்டதும் கைமரம் லேசாகியது. இறகு. விரல்கள் தானாக விரியத் தொடங்கின. நழுவினால் போதும். ஒரு அடி. குற்றியைத் தாண்டினால் வீடு. பிள்ளை. சுஹறா. அந்தக் கதிரையில் இருக்கிறவன். ஒரே ஒரு அடி.

முனாபின் தாடியில் மழைத்துளி நின்றது. நல்ல முகம். ‘நீ ஒராளே போதும்.’

ஜவுபர் விரல்களை மூடினான். வாழ்க்கையில் முதல்தரமாக அவன் நழுவ மறுத்தான். இரண்டு கையாலும் பிடித்தான். தலையை ஆட்டினான். மாட்டேன். போ. வீட்டுக்குப் போ.

“எவ்வளவு நேரமாச் சுமக்கிறீங்களோ, தோளெல்லாம் வீங்கிக் கிடக்கு,” என்றான் முனாப். “உடுங்க காக்கா.”

மாட்டேன்.

முனாப் பல்லைக் காட்டிச் சிரித்தான். “சரி சரி. நன்மை முழுக்க உங்களுக்கா? எங்களுக்கும் கொஞ்சம் வைங்க.”

அவன் முன்னால் போனான். முன்கைமரத்தைத் தாங்கியவனின் தோளைத் தொட்டான்.

இல்லை. முனாப். இல்லை.

அந்த ஆள் பெருமூச்சு விட்டான். நீளமாக. ஈரமாக. மரத்திலிருந்து தோள் பிரியும்போது பாசி கிழிந்தது. அவன் நழுவினான். முனாப் நுழைந்தான்.

முனாப் கணீரென்று கலிமாவை எடுத்தான். மறுபடி எடுத்தான். சேர்ந்து சொல்ல ஆளில்லை என்று கண்டு இருபுறமும் பார்த்தான். மூன்றாம் தரம் அவனுடைய பின்கழுத்து அசைந்தது மட்டும் தெரிந்தது.

தோள் விட்டவனின் கையில் பாதையோரத்து லாம்பு எழுந்தது. குற்றியில் ஏறியது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, முனாபைப்போலக் காலை அகட்டி வைத்து, அக்கரைக்குப் போனது.

“அதுக்குள்ளயே வந்துட்டியாடா?” என்றாள் சுஹறா.

“வந்துட்டன் ராத்தா.”

கதவு சாத்தும் சத்தம்.

பாரம். முழுப் பாரமும். பாதை வட்டைக்குள் இறங்கியது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, பிறகு முழங்காலை. ஜவுபர் கழுத்தைத் திருப்பக்கூடிய அளவுக்குத் திருப்பினான். குசினி ஜன்னல் இன்னும் தெரிந்தது. கதிரையில் இருந்தவன் எழுந்து ஜன்னலுக்கு வந்திருந்தான். நபீலாவை இடது தோளில் தூக்கி வைத்திருந்தான். பிள்ளை வெளிச்சத்திலிருந்து இருட்டைப் பார்த்து, அங்கே போகிற யாருக்கோ கையை ஆட்டினாள். அந்தத் தோளிலிருந்து மஞ்சள் சட்டையில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாக. மடியிலிருந்து இடுப்புக்கு. இடுப்பிலிருந்து கொசுவம் வைத்த கழுத்துக்கு. பாசிப் பச்சையாக.